செட்டிநாட்டு எழுத்துச் செல்வம்

செட்டிநாடு என்றதும் நமக்கு நினைவு வருவன வட்டித் தொழிலும், பர்மாத் தேக்கும், வீதி முழுதும் நீண்டு கிடக்கும் மாளிகைகளும், கோயில் திருப்பணிகளுமே. இவை யாவும் உண்மையே. எனினும் அந்நாடு ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதி பெட்டகத்திலும் இல்லை, பேரேட்டிலும் இல்லை. அது அச்சுப் புத்தகங்களில் இருக்கிறது. அந்தச் செல்வம் எவ்வாறு விளைந்தது என்பதை அந்நாட்டுப் பிள்ளைகள் இருவரின் வரலாற்றைக் கொண்டு இன்று ஆராய விரும்புகிறோம். பழம்பெருமை பேசிக் களிப்பது நமது நோக்கமன்று. கதை கேட்டு மகிழும் சிறுவன் எழுத்தாளனாவது எவ்விதம்? அவன் செல்லும் வழி எந்த இடத்தில் அடைபட்டுப் போகிறது? இதுவே நாம் நேயர்கள் முன் வைக்கும் கேள்வி.

கணக்கு வீட்டில் கதை

நகரத்தார் வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தால் அவன் எதிர்காலம் பெரும்பாலும் முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது. வாய்பாடும் வட்டிக் கணக்கும் கற்பான். கப்பலேறி ரங்கூனுக்கோ பினாங்குக்கோ சென்று ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக அமர்வான். பிறகு அடுத்தாள்; காலம் கைகொடுத்தால் கடைக்கு மேலாள். இவ்வொழுங்கில் கதைக்கும் கவிதைக்கும் இடமேது?

இடம் இருந்தது, வீட்டின் முகப்பில் அல்ல, உள்கட்டில் இருந்தது. ஆண்கள் ஆண்டுக்கணக்கில் அக்கரைச் சீமையில் இருக்க, குடும்பத்தைக் கட்டிக் காத்தவர்கள் ஆச்சிமார்கள். தொட்டிலருகே அவர்கள் பாடிய தாலாட்டுக்கள் சாமானியமானவை அல்ல. மாமன் கொண்டுவரும் சீர், கப்பல் வரும் துறை, குலதெய்வத்தின் கருணை யாவும் அவற்றில் கோவையாக வரும். சாவு வீட்டில் ஒப்பாரியாக எழுந்ததும் அதே தமிழ்தான். தை மாதத்தில் காவடியோடு பழனிக்குக் கால்நடையாகச் செல்லும் கூட்டத்தில் வழிநெடுகப் பாட்டும் கதையும் உண்டு. குன்றக்குடித் திருவிழாவிலும் பிள்ளையார்பட்டிச் சதுர்த்தியிலும் இராப்பொழுதெல்லாம் நாடகமும் கதாகாலட்சேபமும் நடந்தன. எழுத்தறியுமுன்னரே அந்நாட்டுப் பிள்ளையின் காதில் சந்தம் புகுந்துவிட்டது.

ஆனால் கதை கேட்ட பிள்ளைகள் எல்லோரும் எழுத்தாளர் ஆகிவிடவில்லை. ஆயிரம் பேர் கேட்டார்கள். ஒருவர் இருவரே எழுதினார்கள். மற்றவர்களுக்கு அறிவு குறைவா? அவ்வாறு சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

மூன்று பெயர் கொண்ட பிள்ளை

காரைக்குடிக்கு அருகே சிறுகூடல்பட்டியில் 1927-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி சாத்தப்பன் - விசாலாட்சி தம்பதிக்கு எட்டாவது குழந்தையாக ஓர் ஆண்மகவு பிறந்தது. முத்தையா என்று பெயரிட்டார்கள். சிறு பிராயத்திலேயே அப்பிள்ளையைக் காரைக்குடியில் ஒரு குடும்பத்துக்குச் சுவீகாரம் கொடுத்தார்கள். அதற்காகக் கைமாறிய தொகை 7,000 ரூபாய் என்று அவர் வரலாற்றில் காண்கிறோம். புது வீட்டில் பெயர் நாராயணன் என்றாயிற்று. அமராவதிபுதூர்க் குருகுலத்தில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது.

பதினாறு பதினேழு வயதில் அவர் சென்னைக்குப் போனார். எழுத்தாளனாக வேண்டும் என்ற ஆசையைத் தவிர அவரிடம் வேறு முதல் இல்லை. பசியோடு அலைந்தார். திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அந்நாட்களில் பட்ட பாட்டைப் பின்னாளில் "வனவாசம்" என்னும் சுயசரிதையில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். 1944-ல் "நிலவொளியிலே" என்ற அவருடைய முதல் கதை "கிரகலட்சுமி" என்ற பத்திரிகையில் வெளிவந்தது. அதே ஆண்டில் புதுக்கோட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த "திருமகள்" பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் அவர் கவிதை முதன்முதல் அச்சேறியது. அங்கேதான், தன் பெயரைக் கேட்டபோது, "கண்ணதாசன்" என்று தாமே ஒரு பெயரைச் சொன்னார்.

இதை நேயர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். முதற் பெயர் பெற்றோர் இட்டது. இரண்டாம் பெயர் சுவீகாரம் எடுத்தோர் இட்டது. மூன்றாவது பெயரை அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டார். அது நிகழ்ந்தது ஒரு சிறு பத்திரிகையின் வாசலில். எட்டாம் வகுப்பும் தாண்டாத அந்த இளைஞரிடம் பட்டம் எங்கே, பழக்கம் எங்கே என்று கேட்டுத் திருப்பியனுப்பியிருந்தால் யாரும் அப்பத்திரிகையைக் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவர்கள் திருப்பியனுப்பவில்லை. சில காலத்துக்குள் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பே அவர் கைக்கு வந்தது. 1949-ல் "கன்னியின் காதலி" படத்துக்குப் பாட்டெழுதியதும், 1980-ல் "சேரமான் காதலி" நாவலுக்குச் சாகித்ய அகாடமிப் பரிசு பெற்றதும், 1981-ல் மறைந்த பின்னும் தமிழர் வீடுகளில் அவர் பாட்டு ஒலித்துக்கொண்டிருப்பதும் உலகறிந்த செய்தி. அவை கட்டடம். அஸ்திவாரம் புதுக்கோட்டையில் இருக்கிறது.

காசாளர் எழுதிய கதை

கண்ணதாசனுக்கு ஐந்து ஆண்டுகள் மூத்தவர் அழ. வள்ளியப்பா. அவர் பிறந்தது செட்டிநாட்டைச் சேர்ந்த இராயவரத்தில்; நாள் 1922 நவம்பர் 7. சிறுவனாகத் தோழர்களோடு சினிமாக் கொட்டகைக்கு நடந்து போகும்போதே வழியில் பாட்டுக் கட்டிப் பாடியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. கல்லூரிப் படிப்பு அவருக்கும் இல்லை. 1940-ல் பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த வேலை "சக்தி" காரியாலயத்தில் காசாளர் உத்தியோகம். அப்பத்திரிகையை 1939-ல் தொடங்கியவர் வை. கோவிந்தன், அவரும் இராயவரத்துக்காரரே. செட்டிநாட்டுப் பிள்ளை காசுப் பெட்டிக்கு முன் உட்காருவதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காசுப் பெட்டி ஒரு பத்திரிகாலயத்தில் இருந்தது. பக்கத்தில் ஆசிரியர் தி. ஜ. ரங்கநாதன் இருந்தார். வரவு செலவு எழுதும் இளைஞனுக்குள் வேறொன்று இருப்பதைக் கண்டு, எழுது என்று ஊக்கினார் அவர். "ஆளுக்குப் பாதி" என்ற கதை பிறந்தது, "சக்தி"யிலேயே வெளிவந்தது. 1941-ல் வள்ளியப்பா இந்தியன் பாங்கியில் சேர்ந்தார். பாங்கி வேலையை விடாமலே எழுதினார். 1944-ல் "மலரும் உள்ளம்" என்னும் குழந்தைப் பாடல் தொகுதி வந்தது. 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினார். குழந்தைக் கவிஞர் என்று நாடு அவரை அழைத்தது. 1989-ல் காலமாகும் வரை அவர் குழந்தைகளை மறக்கவில்லை. தொட்டிலருகே வாங்கிய கடனை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கட்டிய நேர்மையான செட்டிநாட்டார் என்று அவரைச் சொல்லலாம்.

வாசலைத் திறந்தவர்கள்

இரு வரலாற்றிலும் பொதுவாக உள்ளது எது? வறுமையன்று, வள்ளியப்பாவின் வழி கண்ணதாசனின் வழியைப்போல் முள் நிறைந்ததன்று. கல்வியுமன்று. இருவருக்கும் தக்க பருவத்தில் ஒரு பத்திரிகையின் வாசல் திறந்தது. உள்ளே ஒருவர் இருந்தார். வந்தவன் எழுதியதைப் படித்துப் பார்த்தார். அவ்வளவே.

அந்த வாசலும் தற்செயலாக அமைந்ததல்ல. 1917-ல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் தோன்றியது. 1919-ல் பாரதியார் அங்கே வந்து சங்கத்தை வாழ்த்திப் பாடினார். பின்னர் ராய. சொக்கலிங்கம் "ஊழியன்" பத்திரிகையையும், சொ. முருகப்பா "குமரன்" பத்திரிகையையும் நடத்தினார்கள். புதுமைப்பித்தன் சில காலம் பணிபுரிந்தது அந்த "ஊழியன்" பத்திரிகையில்தான். 1939-ல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தை நிறுவினார். கடல் கடந்து ஈட்டிய பொருளில் ஒரு பங்கு காகிதமாகவும் மையாகவும் மாறிற்று. இவற்றை நடத்தியவர்கள் லாபம் காணவில்லை. பாரதியின் கவிதைகளை மலிவுப் பதிப்பாக ஏழையின் கைக்கும் எட்டச் செய்த வை. கோவிந்தனின் "சக்தி" பிற்காலத்தில் நஷ்டத்தால் நின்றே போயிற்று. வட்டி கணக்கிடத் தெரிந்த இனத்தில் பிறந்தவர்கள், வட்டி வராது என்று தெரிந்தே செய்த முதலீடு அது.

இரண்டு ஆட்சேபங்கள்

நாம் சொல்வதற்கு இரண்டு ஆட்சேபங்கள் எழக்கூடும். முதலாவது: மெய்யான திறமை எந்தத் தடையையும் உடைத்துக்கொண்டு வெளிவந்தே தீரும், யாரும் வாசல் திறக்க வேண்டியதில்லை என்பது. கேட்க இனிமையான வாதம். ஆனால் நியாயஸ்தலத்தில் இவ்வாதம் நிற்காது. வென்றவன் மட்டுமே இங்கே சாட்சிக் கூண்டில் ஏறுகிறான். வழி அடைபட்டவன் சாட்சி சொல்ல வருவதேயில்லை. அவன் பெயரே நமக்குத் தெரியாது. ரங்கூன் கடையில் பேரேட்டின் ஓரத்தில் பாட்டெழுதிவிட்டு, மேலாள் கண்ணில் படுமுன் கிழித்தெறிந்த பையன் ஒருவன்கூட இருந்திருக்க மாட்டானா? பெண்களின் நிலையோ இன்னும் பரிதாபம். அத்தனை தாலாட்டுக்களையும் கட்டிய ஆச்சிமார்களில் எத்தனை பேர் பெயர் அச்சேறியிருக்கிறது? திறமைக்கு அங்கே குறைவில்லை. வாசல்தான் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் இக்காலத்துக்கு உரியது. இன்று ஒவ்வொரு கையிலும் கைபேசி இருக்கிறது; எழுதியதை அந்தக் கணமே ஊரறிய வெளியிடலாம்; பத்திரிகையின் தயவு எதற்கு என்பார்கள். வெளியிடுவது எளிதாகிவிட்டது, இதை நாம் மனமார வரவேற்கிறோம். முன்னே வாசலே இல்லாதிருந்த பெண்களும், கிராமத்து இளைஞர்களும், ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் எழுதத் தொடங்கியிருப்பது பெரும் பேறு. ஆனால் வெளியிடுவது வேறு, எழுத்தாளனாவது வேறு. தி. ஜ. ர. செய்த வேலையைக் கைபேசி செய்யாது. இந்த வரி நன்று, இந்த வரி பொய், இதை மீண்டும் எழுது என்று அன்போடும் கண்டிப்போடும் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். புகழ்பவர் ஆயிரம் பேர் இருந்தும் திருத்துபவர் ஒருவர் இல்லாத இளைஞன், சபையின் நடுவே தனித்து நிற்பவனே.

பூட்டிய மாளிகைகள்

இனி நம் கடமைக்கு வருவோம். செட்டிநாட்டு வீதிகளில் இன்று நடந்து செல்பவர் காண்பது பூட்டிய கதவுகள். குடும்பங்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் சென்றுவிட்டன. பல மாளிகைகள் இடிக்கப்பட்டுத் தூணும் கதவும் விலையாயின. தூணுக்கு விலை உண்டு. பரணில் கிடந்த பழம் பத்திரிகைக் கட்டுக்கு எடைக்கணக்கே விலை. இந்த அழிவுக்கிடையே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுதும் நூல்களையும் சஞ்சிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்த பின் சிகாகோப் பல்கலைக் கழகம் அச்சேகரத்தை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கச் செய்தது. அது இன்று சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. நம்மவர் எடைக்குப் போட்டதை அன்னிய நாட்டுக் கல்விச் சாலை விலைகொடுத்துக் காத்தது. இதில் நன்றி சொல்ல இடமுண்டு, நாணப்படவும் இடமுண்டு.

கோடிக்கணக்கில் பொருள் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. பூட்டிக் கிடக்கும் வீடுகளில் ஊருக்கு ஒன்றின் முகப்பை மட்டும் திறந்துவிட உரியவர்கள் சம்மதிக்கட்டும். அங்கே நூறு புத்தகங்களும் ஒரு விளக்கும் ஒரு பாயும் போதும். வாரம் ஒரு மாலை, ஊரிலுள்ள மூதாட்டி ஒருவர் தமக்குத் தெரிந்த தாலாட்டையும் கதையையும் சொல்லட்டும். பிள்ளைகள் அதை எழுதிக்கொள்ளட்டும். பள்ளிக்கூடம் தோறும் முன்பு இருந்ததுபோல் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடக்கட்டும். ஊருக்கு ஓர் ஆசிரியரோ, ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தரோ, அப்பிள்ளைகள் எழுதியதைப் படித்துத் திருத்தும் பொறுப்பை ஏற்கட்டும். பொதுவாழ்வில் ஈடுபட்ட இளைஞர்கள் கட்சி பேதமின்றி இதனைச் செய்யலாம். மேடைப் பேச்சுக்குச் செலவாகும் நேரத்தில் நூறில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

பத்திரிகை நடத்துபவர் என்ற முறையில் நாமும் இக்கடமைக்கு விலக்கல்ல. நம் மேஜைமேல் வந்து சேரும் உறைகளுள் பிரிக்கப்படாமலே கிடப்பவை எத்தனை என்பதை நாம் அறிவோம். அவற்றில் ஒன்றில், பெற்றோர் இட்ட பெயரை விட்டுத் தனக்கென ஒரு பெயரைத் தேடிக்கொண்டு, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு பிள்ளை நம் பதிலுக்காகக் காத்திருக்கக்கூடும். உறையைப் பிரித்துப் படிப்பதே நாம் முதலிற் செய்யவேண்டிய காரியம்.