தட்டிலே ஒரு சித்திரம்

பார்த்துப் பார்த்துச் சமைத்ததைப் படம் பிடித்து, வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கோ தங்கைக்கோ அனுப்பாதவர் இன்று நம்மில் யார்? ஆனால் படத்தைப் பார்த்தால், ‘இது நாம் சமைத்ததுதானா?’ என்றிருக்கும். எல்லாம் ஒரே மண்ணிறம்!

இதற்கு வழி சொல்பவர்கள் நவீன ஓவியர்கள். மனிதரையோ மரத்தையோ வரையாமல் கோடு, கட்டம், நிறம் மட்டும் கொண்டு வரைந்தவர்கள். பள்ளிவாசல் சுவரிலும் பாய் நெசவிலும் கட்டங்களைக் கண்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமல்ல.

ஹாலந்து ஓவியர் மாண்ட்ரியன் (1872–1944) வெள்ளையில் கறுப்புக் கோடுகள் இழுத்து, இடையிடையே சிவப்பு, மஞ்சள், நீலம் நிரப்பினார். அதை அமெரிக்காவின் கெய்ட்லின் ஃப்ரீமன் என்ற பெண்மணி கேக்காகவே செய்தார். சாக்லேட்டே கறுப்புக் கோடு. வெட்டினால்தான் சித்திரம் தெரியும்! 2015இல் ஹாலந்துக் கலைஞர்கள் இருவர் 98 உணவுப் பொருட்களை இரண்டரை சென்டிமீட்டர் கட்டிகளாக வெட்டி, வரிசையாக அடுக்கிப் படமெடுத்தனர். வெட்டியபின் மீந்ததெல்லாம் என்னவாயிற்றோ என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. 1930இல் ஒற்றைக் குடைமிளகாயைத் தகரப் புனலில் வைத்துப் படமெடுத்துப் புகழ்பெற்ற எட்வர்ட் வெஸ்டன், தாம் படமெடுத்த காய்களைப் பிறகு சாப்பிட்டுவிடுவாராம். அவர் நம்மவர்!

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து தீவுப் பக்கம் போனால் அல்லைப்பிட்டி வரும். 1977இல் ஜான் கார்ஸ்வெல் அங்கே அகழ்ந்தபோது, சுமார் 900 ஆண்டுகளுக்கு முந்திய சீனப் பீங்கான் கிண்ணங்களின் உடைசல்கள் கிடைத்தன. நல்ல பாத்திரத்துக்கு அவ்வளவு பழைய மதிப்பு! படத்துக்குப் பூப்போட்ட தட்டு வேண்டாம். வெள்ளைப் பீங்கானே போதும்.

அந்தப் பக்கத்துச் சமையலையே பாருங்கள். சிவப்பரிசி மாவும் தேங்காய்ப்பூவும் மாறிமாறி வரும் குழற்புட்டு, இயற்கையாகவே கோடு போட்ட சித்திரம். குறுக்கே படுக்க வைத்து, பக்கத்தில் மஞ்சள் சொதி, சிவப்புச் சம்பல்; மீதி இடம் வெறுமையாகவே இருக்கட்டும். பனாட்டுத் துண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ரொத்கோ என்ற ஓவியரின் மங்கிய வண்ணப் பட்டைகள் நினைவுக்கு வரும். நம் விருந்துச் சஹனோ, மேலிருந்து பார்த்தால் வட்டத்துக்குள் வட்டம்!

ஜன்னலோரத்தில் காலை வெளிச்சம் போதும். பிளாஷ் வேண்டவே வேண்டாம். நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளைத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்கள். கைப்பேசியைத் தட்டுக்கு நேர்மேலே, சாயாமல் பிடியுங்கள்.

விளம்பரப் படங்களில் பாலுக்குப் பதில் பசையை ஊற்றுவதுண்டு. அந்த வேலை நமக்கு வேண்டாம். நல்ல தண்ணீருக்கே அலையும் தீவுப் பெண்களைக் கேட்டால் தெரியும், ஒரு சட்டி சோற்றின் விலை. படத்துக்கென்று ஒரு பிடி அரிசியும் கூடுதலாக உலையில் போடாதீர்கள். பிள்ளைகள் பசியோடு காத்திருந்தால் இரண்டே படம், அவ்வளவுதான்.

இறால் குழம்பை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள். எண்ணெய் மிதக்கும் சூட்டில்தான் பளபளப்பு. ஆறினால் ஆடை படிந்துவிடும்.