பையில் பட்ட கறையும் பாட்டிலில் வந்த மருந்தும்

கடைப் பெயர் போட்ட துணிப்பை இல்லாமல் இன்று நம் வியாபாரம் நடப்பதில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைகள் தடை செய்யப்பட்ட பிறகு, மளிகைக் கடைக்காரர்களும் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைக்காரர்களும் ஏறக்குறைய ஒரே குடும்பம் ஆகிவிட்டோம். ஈரோட்டுக் காடாத் துணியில் பை தைத்து, கடைப் பெயரும் போன் நம்பரும் அச்சடித்து வாங்குகிறோம். பை விலையைப் பேசத் தெரிந்த நமக்கு, அந்தப் பட்டறைக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிவதில்லை. நமக்கும் 2021 தீபாவளி வரை தெரியாது.

அந்த ஆண்டு அக்டோபரில் விடாத மழை. தீபாவளிக்கு ஆயிரம் பை சொல்லியிருந்தோம். மூன்று நாள் முன்னதாகப் பார்க்கப் போனால், ஐம்பது அறுபது பைகளில் சிவப்பு மை விரல் தடமாக அப்பியிருக்கிறது. ஈரம் காயாமல் அடுக்கியதால் வந்த வினை. "கறைப் பையை எடுக்கமாட்டோம், தம்பி. பண்டிகைக் கொடுப்பினைக்கு இதையா கொடுப்பது?" என்று கறாராகச் சொல்லிவிட்டு வந்தோம். "விடியறதுக்குள்ள எடுத்துத் தர்றேன் அண்ணாச்சி" என்றார் அவர்.

எப்படி எடுப்பார்கள் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டோம். பனியன் துணிக்குப் போடும் பிளாஸ்டிசால் மை என்பது பி.வி.சி. தூளை எண்ணெய் போன்ற திரவத்தில் குழைத்தது. 160 டிகிரி அளவுக்குச் சூடு காட்டினால்தான் அது இறுகும். அதற்கு முன் வழித்துத் துடைத்தாலே பெருமளவு வந்துவிடும். இறுகிய பிறகு பட்டறைக்காரர் கையில் எடுப்பது 'ஸ்பாட் கன்'. துப்பாக்கி போன்ற இந்தக் கருவி, கறை எடுக்கும் மருந்தை ஊசி போல் மெல்லிய தாரையாக வேகத்தோடு பீய்ச்சும். மருந்து மையை ஊறவைக்கும். வேகம் அதை நூலிடையிலிருந்து உடைத்துத் தள்ளும். பின்புறமிருந்து அடித்தால் மை வந்த வழியே போகும். ஒரே இடத்தில் கிட்டே பிடித்தால் துணி ஓட்டையாகும். அந்தத் தாரை விரலையும் துளைக்கும் என்பதால் மனிதர் பக்கம் திருப்பவே கூடாது. பைண்டர் கலந்த பிக்மென்ட் மைக்கு இந்த வைத்தியம் அவ்வளவாகப் பலிக்காது. அது ஈரமாக இருக்கும்போதே தண்ணீரும் சோப்பும் போட்டால் உண்டு, இல்லையேல் இல்லை.

சரி, மருந்து என்பது என்ன? முன்பு திருப்பூர் வரை பரவலாக ஓடியது கார்பன் டெட்ரா குளோரைடு. ஈரலைக் கெடுப்பது ஒருபுறம். வானத்து ஓசோன் படலத்தையும் அரிப்பது என்பதால், மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2010 முதல் இத்தகைய வேலைகளுக்கு நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. அந்த இடத்துக்கு வந்தவற்றில் டிரைகுளோரோ எத்திலீன், பெர்குளோரோ எத்திலீன், மெத்திலீன் குளோரைடு ஆகியவை உண்டு. இவற்றில் முதலாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் வகைப்படுத்தியது. அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அதைப் படிப்படியாக விலக்கும் விதியே வெளியானது.

"இது தீப்பிடிக்காத மருந்து" என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த ஆவி அடுப்பிலோ பீடிக் கங்கிலோ பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறக்கூடும் என்பதைச் சொல்லமாட்டார். ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தங்கும். கூரையில் சுற்றும் மின்விசிறி அதை வெளியேற்றாது. மேசை மட்டத்தில் வெளியே இழுக்கும் விசிறி வேண்டும். முகத்தில் கைக்குட்டை கட்டுவதால் பயன் ஏதும் இல்லை. கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். மெத்திலீன் குளோரைடு ஆவிக்கு அதுவும் போதாது.

அன்றிரவு மழைச் சாரலுக்காகக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தார்கள். கன் பிடித்தவன் இருபது வயதுப் பையன். இரண்டு மணிக்குத் தலை சுற்றுகிறது என்றானாம். டீ குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தானாம். மூன்று மணிக்கு மேசையடியில் விழுந்து கிடந்தான். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து அது?" ஒருவருக்கும் தெரியவில்லை. கேனில் வாங்கி, சில்லறையாகக் குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுத்ததை வாங்கி வந்திருக்கிறார்கள். பெயர்ச் சீட்டும் இல்லை, பில்லும் இல்லை. ஆக்ஸிஜன் வைத்து இரண்டு நாள் படுக்கவைத்திருந்தார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். அவன் தாயார் நம்மைப் பார்த்த பார்வைக்கு நம்மிடம் பதில் இல்லை.

பையோ, சொன்னபடி விடிகாலையில் நம் கடைக்கு வந்துவிட்டது! விஷயம் தெரியாமல் கட்டைப் பிரிக்காமலே தேயிலை மூட்டைக்கும் டால்டா டின்னுக்கும் பக்கத்தில் அடுக்கினோம். நான்கு நாளில் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் தேயிலையைத் திருப்பிக் கொண்டுவந்தார். "சலவைக்கடை வாசனை அடிக்குது அண்ணாச்சி." முகர்ந்தால் உண்மை. இரண்டு மூட்டையையும் கொட்டினோம். கொழுப்புள்ள பண்டங்கள் இந்த ஆவியை இன்னும் நன்றாக இழுக்கும். உலர்சலவைக் கடைகளுக்கு அருகிலிருந்த வீடுகளில் வெண்ணெய்க்குள் பெர்குளோரோ எத்திலீன் சேர்ந்திருந்ததை வெளிநாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நெய், வெண்ணெய், எண்ணெய் விற்கும் நாம் இதைக் கவனிக்கவேண்டாமா? உணவுப் பொருளோடு ரசாயனத்தைச் சேர்த்து வைக்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் நிபந்தனையும் ஆகும். கடைச் சிப்பந்தியின் சட்டையில் மை பட்டது என்று பட்டறையில் கொஞ்சம் மருந்து வாங்கி, கல்லாவுக்கு அடியில் குளிர்பான பாட்டிலில் வைத்திருக்கும் கடைகளை நாம் பார்த்திருக்கிறோம். தாகத்தில் ஒரு குழந்தை எடுத்துக் குடித்தால் என்ன ஆகும்?

பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பைக்கு ஐம்பது காசு குறைத்துப் பேசியது நாம். கெடுவைத்ததும் நாம். அறுபது கறைப் பையின் விலையைக் கழித்துக்கொண்டு மீதியை வாங்கியிருந்தால் அந்த இரவே இருந்திருக்காது.

இப்போது பைக்கு ஆர்டர் கொடுக்கும்போது பண்டிகைக்கு முப்பது நாள் முன்பே கொடுக்கிறோம். நூற்றுக்கு ஐந்து பை கறையாக வந்தால் கழித்த விலைக்கு எடுத்துக்கொள்வோம், மருந்தடித்து எடுக்கவேண்டாம் என்று சீட்டிலேயே எழுதிவிடுகிறோம். வந்த கட்டைப் பிரித்து இரண்டு நாள் கொடியில் காற்றாடப் போட்டுவிட்டுத்தான் கடைக்குள் கொண்டுவருகிறோம். பட்டறைக்காரரும் மருந்தைப் பெயர்ச் சீட்டுள்ள கேனாகவே, பில்லோடு வாங்குகிறார். மேசைக்குப் பக்கத்துச் சுவரில் வெளியிழுக்கும் விசிறி வைத்துவிட்டார். அந்தப் பையன் இப்போது அங்கே இல்லை. நம் கிடங்கில் எடை போடுகிறான். சிவப்புக் கறைப் பைகளில்தான் அவன் மிளகாய் வற்றல் சாம்பிள் கட்டிக் கொடுக்கிறான்.