கோவைக்கு ஒரு நாள் அலுவல்

பாலக்காட்டிலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களிலும் வாழும் நம்மவர்க்குக் கோயமுத்தூர் அயலூர் அன்று. இரயிலேறினால் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவே. இந்த அண்மைதான் நமக்குப் பகையாயிருக்கிறது. பம்பாய்க்குச் செல்பவர் ஒரு மாதம் முன்னதாகவே யாரைக் காண்பது, எதை வாங்குவது என்று குறித்து வைத்துக்கொள்கிறார். கோவைக்குச் செல்பவரோ சட்டையை மாட்டிக்கொண்டு கிடைத்த வண்டியில் ஏறிவிடுகிறார். பட்டறையைப் பூட்டிவிட்டுச் செல்பவருக்கும், தையலை நிறுத்திவிட்டுச் செல்லும் சகோதரிக்கும் அந்த ஒரு நாள் என்பது ஒரு நாள் வருமானம். அதில் பாதி, பேருந்து நிலையங்களிலேயே கரைந்து போகிறது. பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னே அமர்ந்து நாள்தோறும் இதைக் காண்பவன் என்ற முறையில் சில சொல்லலாமெனத் துணிகிறேன்.

முதலில் அறிய வேண்டுவது, கோவை என்பது ஓரிடமன்று என்பதே. 1888இல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய நூற்பாலையோடு அதன் ஆலை வரலாறு ஆரம்பிக்கிறது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பின்னர் ஆலைகள் மளமளவெனப் பெருகின. ஆலைக்கு உதிரிப்பாகம் வேண்டும். அதற்கு வார்ப்படச்சாலை வேண்டும். கிணற்றுக்கு மோட்டாரும் பம்பும் வேண்டும். இப்படி ஒன்றையொன்று ஈன்று, அவிநாசி சாலையிலும் கணபதியிலும் சிங்காநல்லூரிலும் பொள்ளாச்சி சாலைக் குறிச்சியிலுமாகத் தொழில்கள் பரவிக் கிடக்கின்றன. இந்தியாவிலேயே முதன்முதலாக மின்மோட்டார் செய்யப்பட்டது 1937இல் இங்கேதான். நம் இல்லங்களில் மாவரைக்கும் கிரைண்டரும் 1955இல் இந்நகரில் பிறந்ததே. ஆகவே “கோவைக்குப் போகிறேன்” என்பது போதாது. கோவையில் எந்தப் பக்கம் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இதில் இரயில் பெரிதும் துணை செய்யும். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் வேலையுள்ளவர் கோவைச் சந்திப்பு வரை சென்று, திரும்பவும் தெற்கே பேருந்தில் வருவதைக் காண்கிறோம். அவர் போத்தனூரில் இறங்கியிருக்கலாம். நம் பாதையில் மூத்த நிலையமும் அதுவே. 1862இல் சென்னையிலிருந்து மேற்குக் கரைக்கு இருப்புப்பாதை வந்தபோது அது போத்தனூர் வழியாகவே சென்றது; கோவை நகருக்கு 1873இல் மேட்டுப்பாளையம் கிளை போட்ட பிறகே நிலையம் வந்தது. இன்றும் சில நெடுந்தூர வண்டிகள் கோவைச் சந்திப்பைத் தொடாமல் இருகூருக்குச் சென்றுவிடும், ஏறுமுன் கேட்டுக்கொள்க. பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும்கூட நிலையங்கள் உண்டு; சாதாரண வண்டிகள் நிற்கும். ஒப்பணக்கார வீதி, ராஜ வீதி, பெரிய கடை வீதி ஆகியவற்றில் துணியோ நகையோ வாங்குபவர்க்குத்தான் கோவைச் சந்திப்பு ஏற்றது. மற்றொன்று: சாதாரண வண்டிக்கு எடுத்த சீட்டு விரைவு வண்டிக்குச் செல்லாது. அபராதம் கட்டிவிட்டுப் புலம்புவோர் வாரத்துக்குச் சிலராவது உண்டு.

மூணாறு, மறையூர் அன்பர்களுக்கு இந்த ஒரு நாள் கணக்கு ஒத்துவராது. சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கி, பொள்ளாச்சி கடந்து கோவை சேர்வதற்கு மூணாற்றிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது, பாதியும் மலைப்பாதை. முன்தினம் மாலையே உடுமலையிலோ பொள்ளாச்சியிலோ உறவினர் வீட்டில் தங்கி விடியலில் புறப்படுவது மேல். குமுளி, பீர்மேடு வாழ்வோர் தேனி, மதுரைப் பக்கமே நாடுவதால் அவர்களுக்கு இக்கட்டுரையால் பயன் சிறிதே.

செல்லுமுன் கடைக்குத் தொலைபேசியில் பேசி, வேண்டிய சரக்கு உண்டா என்று உறுதி செய்துகொள்ளல் அவசியம். தேய்ந்த பாகத்தின் அளவை வாயால் சொல்லி வாங்க முயலாமல், பாகத்தையே துணியில் சுற்றி எடுத்துச் செல்க. ஞாயிறு பட்டறைகள் மூடியிருக்கும்; ஆயுத பூஜையை ஒட்டிய நாட்களிலும் வேலை நடவாது.

இனிப் பணத்தைத் தொடும் செய்தி. வாளையாற்றில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலம் நமக்கு மறந்திருக்காது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் அந்த விற்பனைவரிச் சாவடி எடுபட்டது. சாவடி போயிற்று, கணக்கு போகவில்லை. வரிப்பதிவு பெற்ற சிறுதொழிலர், ரசீதில் தம் பதிவெண்ணும் கேரள முகவரியும் எழுதப்பட்டுள்ளனவா, வெளிமாநில விற்பனைக்குரிய முறையில் வரி போடப்பட்டுள்ளதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவெண் விடுபட்டால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை போய்விடும். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை வண்டியில் எல்லை கடத்துவதற்கு மின்வழிச் சீட்டும் வேண்டும். சிறு கடைக்காரர் சிலர் “ரசீது இல்லாமல் குறைத்துத் தருகிறேன்” என்பார்கள். மோட்டார் பழுதானால் உத்தரவாதம் கேட்க அந்தக் குறைவு உதவாது.

சரக்கை இரயிலில் கொணர்வதற்கும் விதி உண்டு. இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரை இலவசம். அதற்கு மேற்பட்டதை முன்கூட்டியே பதிவு செய்தால் ஒன்றரை மடங்குக் கட்டணத்தோடு முடியும். பதியாமல் பிடிபட்டால் ஆறு மடங்கு. வியாபாரச் சரக்கைப் பயணியின் மூட்டையென்று பெட்டிக்குள் ஏற்றவே கூடாது. பார்சல் அலுவலகத்துக்குத்தான் செல்ல வேண்டும். (2007 நவம்பரில் சேலம் கோட்டம் உருவானபோது கோவை நம் பாலக்காட்டுக் கோட்டத்தை விட்டுப் பிரிந்தது. எங்களைப் போன்றோர்க்கு அது பங்காளி பிரிந்தது போலவே இருந்தது.)

இவ்வாறு திட்டமிட்டுச் சென்றால் பிற்பகலில் இரண்டு மணி நேரமாவது மிஞ்சும். அதைக் கடைவீதியில் செலவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவிநாசி சாலையில் ஜி. டி. நாயுடு காட்சிசாலை இருக்கிறது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1920இல் ஒரே பேருந்தோடு பொள்ளாச்சி–பழனி வழியில் தொழில் தொடங்கியவர். அவர் செய்த மின் சவரக் கருவியும் மண்ணெண்ணெய் விசிறியும் அங்கே உள்ளன. 2025இல் அச்சாலையில் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. காடுகளோடு பழகிய மறையூரார்க்கு 1902இல் திறக்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகம் பிடிக்கும். விடுமுறை நாளை முன்பே கேட்டறிக. வயது வந்த மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்வது நன்று. இரும்பு உருகி வார்ப்பாவதை ஒரு முறை நேரில் கண்ட பிள்ளை பாடப் புத்தகத்தை வேறு விதமாகப் படிக்கும். உணவு விடுதியில் தண்ணீர் பருகுகையில், நகருக்கு வரும் சிறுவாணி நீர் நம் பாலக்காட்டு மாவட்டத்து அணையினின்று வருவது என்பதையும் சொல்லி வையுங்கள்.

திரும்பும்போது கடைசி வண்டியை நம்பலாகாது. மதுக்கரைக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் இடைப்பட்ட காட்டில் யானைகள் தண்டவாளத்தைக் கடப்பதால் இரவில் வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாடு உண்டு. பாலக்காட்டில் இறங்கி மீண்டும் சித்தூர்ப் பக்கம் பேருந்து பிடிக்க வேண்டியவர், அந்தத் தாமதத்தையும் கணக்கில் சேர்த்து ஒரு வண்டி முன்னதாகவே புறப்பட்டுவிட வேண்டும்.