தடித்த கறுப்பெழுத்தும் அறிவிப்புப் பலகையும்

பெங்களூர்ப் பிரேசர் டவுன், 1898-ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின்னர், மக்கள் நெரிசலைக் குறைக்கும் பொருட்டு அமைக்கப்பட்ட பேட்டையாகும். தமிழ், கன்னடம், உருது, ஆங்கிலம் ஆகிய மொழிகளைப் பேசுவோர் அங்கு அடுத்தடுத்து வாழ்கின்றனர். இத்தகைய இடத்தில் தடுப்பூசி முகாம் பற்றிய பலகையை எழுத நேரும்போது, எழுத்து வடிவைத் தேர்ந்தெடுப்பது அழகு பற்றிய கேள்வி மட்டுமன்று. பலகையைப் படிக்க இயலாதவர் முகாமுக்கு வாரார்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து மடல்களிலும் ஆங்கிலத் திருமண அழைப்புகளிலும், கருமை மிகுந்து, கூரிய முனைகளுடன் நிற்கும் ஒருவகை எழுத்தை ஆசிரியர்கள் கண்டிருக்கலாம். இதனைக் கறுப்பெழுத்து என்பர். பட்டையாகச் சீவிய இறகுப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதிய ஐரோப்பியக் கையெழுத்தே இதன் மூலம். வளைவு வரவேண்டிய இடத்தில் கோடு முறிந்து கோணமாகிறது. கூட்டன்பர்க் 1455-ஐ ஒட்டி அச்சிட்ட வேதாகமம் இவ்வகை எழுத்தில் அமைந்ததே. ஜெர்மனியில் 16-ஆம் நூற்றாண்டில் இதிலிருந்து 'பிராக்டூர்' என்னும் வடிவம் தோன்றியது.

நம் நாட்டிற்கும் இதனோடு சிறு தொடர்பு உண்டு. தரங்கம்பாடி மிஷன் பற்றி ஹாலே நகரில் 1710 முதல் வெளிவந்த ஜெர்மன் அறிக்கைகள் பிராக்டூரில் அச்சாயின. தரங்கம்பாடி அச்சகத்திற்கு 1713-இல் வந்த தமிழ் எழுத்துகளும் ஹாலேயில் வார்க்கப்பட்டவையே. அவை மிகப் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கியமையால், சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்க்க வேண்டியதாயிற்று. தலைப்புக்கு உகந்த அளவு நூலுக்கு உகந்ததன்று.

தலைப்புக்கென்றே பிறந்தது 'பெட்டே பிராக்டூர்'. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், விளம்பரங்கள் பெருகிய காலத்தில் தோன்றிய இதன் பெயருக்குக் கொழுத்த பிராக்டூர் என்பது பொருள். கோட்டைத் தடிப்பாக்குவது எளிது. உள்ளிருக்கும் வெண்மையைக் காப்பதே கடினம். வெண்மை மறைந்தால் எழுத்து மைக்கறை போலாகிவிடும். ஆகவே வடிவமைப்பாளர் எழுத்தை அகலப்படுத்தி, இணைப்புக் கோடுகளை மயிரிழையாக விடுகிறார். எழுத்தின் உள்வெளியும் இரு எழுத்துகளுக்கு இடைப்பட்ட வெளியும் ஏறத்தாழ ஒத்திருந்தால், சொல் முழுவதும் ஒரே நெசவாகத் தோன்றும்.

இதனை இரண்டு மூன்று சொற்களுக்கு மட்டும், பெரிய அளவில் பயன்படுத்துதல் நன்று. ஒரு சொல்லை முழுவதும் பெரிய எழுத்துகளாலேயே எழுதுவோர் உண்டு. கறுப்பெழுத்தில் இது பெரும் பிழை. பிராக்டூரின் பெரிய 'ஏ' பழக்கமில்லாத கண்ணுக்கு 'யூ' ஆகத் தோன்றும்; சிறிய 'கே' பல வேளைகளில் 'டி' போலிருக்கும். முகாமின் நாளும் இடமும் சாதாரண ரோமன் எழுத்திலேயே இருத்தல் வேண்டும்.

தமிழ்ப் பலகைக்கும் இதே கணக்கு உண்டு. கோடு தடித்தால் 'ண', 'ன' ஆகியவற்றின் சுழிகள் முதலில் அடைபடும். புள்ளி மேற்கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். எழுதி முடித்ததும், வாசகத்தை முன்பே அறியாத மாணவன் ஒருவனை இருபது அடி தள்ளி நிறுத்தி, உரக்கப் படிக்கச் செய்க. அவன் தயங்கும் எழுத்தைச் சுண்ணாம்பு பூசி அழித்து, மெல்லிய தூரிகையால் மீண்டும் எழுதுக.