வாந்தி முதலில், வலி பிறகு

1723 அக்டோபரில் டச்சுக் கடற்படைத் தளபதி யான் வான் வாசனார், விருந்துக்குப் பின் வயிற்றில் தங்கிய கனம் இறங்குவதற்காக வாந்தி மருந்து குடித்தார். அது அவருக்குப் பழக்கம்தான். அன்று ஓங்கரித்தபோது நெஞ்சுக்குள் ஏதோ கிழிந்துவிட்டதாக அலறினார். மறுநாளுக்குள் உயிர் போய்விட்டது. லெய்டன் மருத்துவர் ஹெர்மன் போர்ஹாவ் உடலைத் திறந்து பார்த்தார். மார்புக்கூட்டில் வாத்துக்கறி வாசனை வீசியது, உணவுக்குழாய் கிழிந்திருந்தது. 1724இல் அவர் எழுதி வெளியிட்ட இந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

வாந்தி மேலேறும்போது தொண்டைத் தசை விட்டுக்கொடுக்காவிட்டால், குழாய்க்குள் அழுத்தம் திடீரென எகிறும். கிழிவது பெரும்பாலும் வயிற்றுக்குச் சற்று மேலே, இடப்பக்கச் சுவரில். குடலைப் போர்த்தியிருக்கும் வெளிச்சவ்வு உணவுக்குழாய்க்குக் கிடையாது. எனவே சாப்பாடும் அமிலமும் கிருமிகளும் நேராக நெஞ்சுக்குள் கொட்டுகின்றன. இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக இதற்கு வைத்தியமில்லை. 1947இல் லண்டனில் நார்மன் பாரெட் கிழிசலைத் தைத்து நோயாளியைப் பிழைக்க வைத்தார்.

தைத்தார் என்றதும் ஊசி நூல்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அறுவையில் பாதி, கழுவும் வேலை. இடப்பக்க விலா எலும்புகளுக்கிடையே திறந்து, உணவுத் துணுக்குகளையும் சீழையும் செத்த திசுவையும் அகற்றி, நெஞ்சறையை அலசுகிறார்கள். அடுத்ததுதான் நுட்பமான கட்டம். வெளியே தசையில் தெரியும் கிழிசலைவிட உள்சவ்வின் கிழிசல் நீளமாக இருக்கும். அதன் இரு நுனிகளும் கண்ணில் படும்வரை தசையை மேலும் கீழும் கீறி விரிக்க வேண்டும். நுனி ஒன்று விட்டுப்போனால் தையல் போட்டும் ஒழுகும். உள்சவ்வைத் தைத்து, அதன்மேல் தசையைத் தைத்து, ரத்த ஓட்டம் அறாத விலாத் தசைத் துண்டு ஒன்றை மேலே போர்த்துவதும் உண்டு. ஒழுகினாலும் வெளியேற வழியாக நெஞ்சில் குழாய்கள். வாய் வழியே எதுவும் கூடாது என்பதால் உணவு செலுத்தச் சிறுகுடலில் இன்னொரு குழாய். ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தைக் குடிக்கச் செய்து, கசிவில்லை என்று கண்ட பிறகே தண்ணீர்.

24 மணி நேரத்துக்குள் தைக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. இன்று கடிகாரத்தை மட்டும் பார்ப்பதில்லை, திசுவையும் பார்க்கிறார்கள், அதுவே சரி. நைந்துபோன திசுவில் தையல் நிற்காது. அப்போது கிழிசலுக்குள் டி வடிவக் குழாயை வைத்துக் கசிவை வெளியே திருப்பலாம். சிலருக்கு உணவுக்குழாயையே அகற்ற நேரும். கிழிசல் சிறியதாக, பரவாமல் இருந்தால் எண்டோஸ்கோப்பி வழியே ஸ்டென்ட் வைப்பதும், பஞ்சு வைத்துக் கசிவை உறிஞ்சுவதும் இப்போது கைகொடுக்கின்றன.

நோயைக் கண்டுபிடிப்பதில்தான் நேரம் வீணாகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவரை மாரடைப்பு என்று நினைப்பது இயல்பு. ஈசிஜியோடு சோதனை நின்றுவிடலாம். மார்பு சிடி ஸ்கேன் எடுத்தால்தான் விஷயம் தெரியும். கழுத்துத் தோலை அழுத்தும்போது நறநறவென்றால், கசிந்த காற்று அங்கே ஏறியிருக்கிறது என்று பொருள்.

பலமான வாந்தியைத் தொடர்ந்து நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ தாங்க முடியாத வலி வந்தால், சோடாவோ தண்ணீரோகூடக் குடிக்காமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். முதலில் வாந்தி, பிறகுதான் வலி என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.