தம்பிடிக் கணக்கு
'ஒரு தம்பிடி கூடத் தர மாட்டேன்!' ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் இதைக் கேட்டிருப்பீர்கள். தம்பிடி என்றால் எவ்வளவு? அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ரூபாய்க்கு 16 அணா. ஆகவே 192 தம்பிடி.

1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்றாயிற்று. அப்படியானால் ஓர் அணா 6.25 பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? 6 என்று முழுமையாக்கினார்கள். நான்கு அணாவைச் சேர்த்து மாற்றினால் 25 பைசா. ஒவ்வோர் அணாவாக மாற்றினால் 24 தான். நூற்றுக்கு நான்கு நட்டம்! சில்லறையாகவே புழங்கும் அன்றாடக் கூலிக்காரருக்கு இது சிறிதல்ல.

சோதனைச்சாலைக் கணக்கிலும் இதே விதிதான்: முதலில் கூட்டுங்கள், கடைசியில் முழுமையாக்குங்கள்.

25 பைசா வரையிலான நாணயங்களும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமற் போயின. தம்பிடி மட்டும் பேச்சில் இன்னும் செல்லுபடியாகிறது.