கோதுமையை நிறுத்தும் முன்பு ஒரு வார்த்தை!



"கோதுமையை விட்டால் மாதவிலக்குத் தொல்லை எல்லாம் பறந்து போகும்" என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் ஒருத்திக்கு அந்தப் பேச்சு நூற்றுக்கு நூறு பலித்தது. இன்னொருத்திக்கு, அதாவது எனக்கு, அதுவே வினையாகப் போனது. இரண்டையும் எழுதினால் யாருக்காவது உதவும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

என் அக்கா குடும்பம் 20 வருஷமாக ஹரியானாவில் இருக்கிறது. அத்தானுக்கு அங்கே ஃபேக்டரியில் வேலை. காலையில் பராத்தா, ராத்திரி ரொட்டி என்று அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கே பழகி விட்டார்கள். அக்கா மகளுக்கு 16 வயது முடிந்தும் பெரியவளாகவில்லை. வயதுக்கேற்ற உயரமும் இல்லை. முகம் வெளுத்து, வயிறு மட்டும் உப்பலாக இருக்கும். அடிக்கடி வயிற்றுப்போக்கு வேறு.

லீவுக்கு ஊருக்கு வந்தால் போதும், சொந்தக்காரர்கள் பிடித்துக் கொள்வார்கள். "ஏண்டி, உன் மக இன்னும் பெரிய மனுஷி ஆகலையா?" என்று கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்பார்கள். அந்தப் பெண் என் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்து கொண்டு, "சித்தி, வீட்டுக்குப் போயிடலாம்" என்பாள். அக்கா வேண்டாத கோயில் இல்லை.

ரத்தம் குறைவு என்று 2 வருஷம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் டில்லியில் ஒரு டாக்டரம்மா, "இவள் சாப்பிடுவது உடம்பில் சேரவில்லையே, ஏன்?" என்று யோசித்து ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். டி.டி.ஜி. என்று பெயராம். பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டு, சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் என்ற நோய் என்று தெரிந்தது.

கோதுமையிலும் பார்லியிலும் குளுட்டன் என்ற ஒரு புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவு இழுத்தால் ரப்பர் மாதிரி வருகிறதே, அதற்குக் காரணம் அதுதான். இந்த நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. நம் சிறுகுடலின் உட்புறம் டர்க்கி டவல் போல இழை இழையாக இருக்குமாம். அந்த இழைகள்தான் சத்தை உறிஞ்சுகின்றன. குளுட்டன் போகப் போக அவை தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிடும். பிறகு இரும்பும் சேராது, மற்ற சத்தும் சேராது. உடம்பில் சத்தே இல்லாதபோது மாதவிலக்குக்கு மூளையிலிருந்து வரவேண்டிய உத்தரவு தாமதப்படும். அதனால்தான் சிலருக்குப் பூப்பெய்துவது தள்ளிப் போகிறது. வேறு சிலருக்கு மாதவிலக்கு நின்று நின்று வருகிறது. திரும்பத் திரும்பக் கரு கலைவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாமாம்.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள சம்பந்தத்தை நிரூபித்தவர் வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்து நாட்டுக் குழந்தை டாக்டர். 1944-45 குளிர்காலத்தில் யுத்தத்தால் அங்கே பெரும் பஞ்சம். ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரெல்லாம் பட்டினி கிடக்க, இந்த நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்களாம். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்து விட்டார்களாம்!

இதற்கு மருந்து மாத்திரை கிடையாது. ஆயுள் முழுக்க குளுட்டனை ஒதுக்குவதுதான் வைத்தியம். அரிசிச் சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, சாமை, பருப்பு, பால், முட்டை, மீன் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பரோட்டா, பிரெட், பிஸ்கட், மால்ட் சேர்த்த பானங்கள் கூடாது.

இதெல்லாம் எளிதாகத் தெரிந்தது. தெரியாமல் ஏமாந்தது வேறு. கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்தால் அதில் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருக்கும்! கேழ்வரகு சேமியா என்று வாங்கினால் அதிலும் கோதுமை கலந்திருக்கலாம். மில்லில் கோதுமை அரைத்த கையோடு நம் அரிசியைப் போட்டால் அதுவும் கெட்டது. அக்கா வீட்டில் அவளுக்கென்று தனி தோசைக்கல், தனி மாவு டப்பா வைத்து விட்டார்கள். கூடப் பிறந்தவர்களுக்கும் வரலாம் என்பதால் அவள் தம்பிக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். நல்லவேளை, இல்லை.

6 மாதத்தில் 5 கிலோ ஏறினாள். மாத்திரையும் இப்போதுதான் வேலை செய்தது. 10-வது மாதம் ஒருநாள் விடிகாலையில் அக்காவிடமிருந்து போன். "வயசுக்கு வந்துட்டாடி" என்றவள் மேற்கொண்டு பேச முடியாமல் அழுதாள். நானும் அழுதேன். ஊரில்தான் சடங்கு வைத்தோம். உளுத்தங்களி கிண்டினேன். அன்று சாம்பாரில் பெருங்காயம் கிடையாது, கேசரியும் கிடையாது. யாரும் குறை சொல்லவில்லை.

இனி என் கதை. எனக்கு மாதவிலக்கு 9 நாள், 10 நாள் நீடிக்கும். கட்டி கட்டியாகப் போகும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கும். அக்கா மகளுக்குக் குணமானதைப் பார்த்ததும், "நமக்கும் கோதுமைதான் பகை" என்று நானே முடிவு கட்டினேன். ராத்திரிச் சப்பாத்தியை நிறுத்தினேன். டாக்டரிடம் போகவில்லை. "இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்" என்று 5 மாதம் ஓட்டினேன். ஒருநாள் அடுப்படியிலேயே மயங்கி விழுந்து விட்டேன். ஆஸ்பத்திரியில் பார்த்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7-தான். 12-க்குக் குறையக் கூடாதாம். ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்ட் கட்டி இருப்பது தெரிந்தது.

டாக்டரம்மா வைத பாட்டு இன்றும் காதில் இருக்கிறது. "கட்டிக்கும் கோதுமைக்கும் என்னம்மா சம்பந்தம்? 5 மாசம் ரத்தத்தை வீணாக்கிட்டியே. சீலியாக் சந்தேகம் இருந்தா டெஸ்ட் எடுத்துட்டு இல்ல நிறுத்தணும்? நிறுத்தின பிறகு எடுத்தா, நோய் இருந்தாலும் இல்லைன்னு காட்டும்!" ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். பிறகு 8 வாரம் தினமும் சப்பாத்தி சாப்பிடச் சொல்லி அந்த டெஸ்ட்டையும் எடுத்தார்கள். எனக்கு அந்த நோயே இல்லை.

2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றியும் அவர் சொன்னார். இந்த நோயைக் காட்டும் அடையாளம் வட இந்தியாவில் 100 பேரில் ஒருவருக்குச் சற்று மேலாக ரத்தத்தில் இருந்ததாம். நம் தென்னிந்தியாவில் 1000 பேரில் ஒருவருக்குத்தான். ஆக, நம்மில் பெரும்பாலோருக்கு மாதவிலக்குக் கோளாறின் காரணம் வேறாகத்தான் இருக்கும். தைராய்டு, சினைப்பையில் நீர்க்கட்டி, என்னைப் போல ஃபைப்ராய்ட் என்று எதுவும் இருக்கலாம். நீர்க்கட்டி உள்ளவர்கள் பரோட்டா, பிஸ்கட்டை விட்டு எடை குறைந்தால் மாதவிலக்கு சீராவது உண்டு. அது எடை குறைந்த பலன்தான், குளுட்டனை விட்ட பலன் என்று நினைக்க வேண்டாம் என்றார்.

எனவே தோழிகளே, உங்கள் வீட்டுப் பெண் 15 வயதாகியும் பெரியவளாகவில்லையா? மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையா? அடிக்கடி வயிற்றுப்போக்கும் மெலிவும் இருக்கிறதா? கோதுமையை நிறுத்தாமல், நேராக டாக்டரிடம் போய் "சீலியாக் டெஸ்ட் தேவையா?" என்று கேளுங்கள். போக்கு 7 நாளுக்கு மேல் நீடித்தால் என்னைப் போல வீட்டிலேயே வைத்தியம் பார்க்காதீர்கள். இன்னொன்று, கல்யாண வீட்டில் எந்தப் பெண்ணிடமும், "இன்னும் ஆகலையா?" என்று கேட்காதீர்கள். அவள் உடம்புக்குள் என்ன போராட்டமோ, யாருக்குத் தெரியும்?

- ஒரு வாசகி, திண்டுக்கல்.